55 கோடி என்ற சாக்கு



காந்தியடிகளை ஏன் கொன்றார்கள் என்று கேட்டால், "பாகிஸ்தானுக்குப் பிரிவினைப் பங்கான 55 கோடி ரூபாயைக் கொடுக்கச் சொன்னார், அந்த ஆத்திரத்தில் சுட்டுவிட்டார்கள்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது. அது கொலையாளி கூண்டில் நின்று சொன்ன சாக்கு. அதையா நாம் வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்வது?

1934 ஜூன் 25, புனே. காந்தி வரும் கார் என்று எண்ணி ஒரு காரின்மேல் குண்டு வீசினார்கள். அன்றைக்கு ஏது பாகிஸ்தான்? லாகூர் தீர்மானமே 1940-இல்தான் வந்தது. 1934-இல் காந்தி தீண்டாமையை ஒழிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார், ஐயா! கோயில் கதவைத் திறக்கச் சொன்னவர்மேல் விழுந்த குண்டு அது.

1948-க்கு வாருங்கள். காந்தி உண்ணாவிரதம் தொடங்கியது ஜனவரி 13. பணம் தருவதாக அரசு அறிவித்தது 15. கொலையாளி நாதுராம் கோட்சே தன் காப்பீட்டுப் பாலிசிகளுக்குக் கூட்டாளி ஆப்தேயின் மனைவியையும் தம்பி கோபாலின் மனைவியையும் வாரிசாக எழுதிவைத்தது 13, 14 தேதிகளில். அரசு வாய் திறக்குமுன்பே அவர் சாவுக்குத் தயாராகிவிட்டார்!

20-ஆம் தேதி காந்தி தங்கியிருந்த பிர்லா மாளிகையில் குண்டு வெடித்தது. சதிக் கூட்டத்தைச் சேர்ந்த மதன்லால் பஹ்வா கையும் களவுமாகப் பிடிபட்டார். கூட்டாளிகளில் மராத்தி பத்திரிகை ஆசிரியர் ஒருவர் உண்டு என்ற துப்பும் கிடைத்தது. மறுநாளே பேராசிரியர் ஜெயின் பம்பாய் அரசிடம் போய், தான் அறிந்த சதியைச் சொன்னார். அப்புறமும் பத்து நாள் இருந்தது. பத்து நாள்! அன்று தப்பியோடிய அதே கோட்சே துப்பாக்கியோடு திரும்பி வந்தார். காவல்துறையின் மெத்தனத்தை 1969-இல், கொலைச் சதியை விசாரித்த கபூர் கமிஷன் விரிவாக எழுதிவைத்திருக்கிறது. வாங்கிப் படியுங்கள்.

அந்த உண்ணாவிரதம் எதற்காக? 18-ஆம் தேதி தலைவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழியில் 55 கோடி என்ற பேச்சே இல்லை. முஸ்லிம்கள் டெல்லியில் அச்சமின்றி நடமாட வேண்டும், பறித்த பள்ளிவாசல்களைத் திருப்பித் தர வேண்டும், மெஹ்ரோலி தர்காவின் உர்ஸ் விழா வழக்கம்போல் நடக்க வேண்டும் என்றுதான் இருந்தது. விழா நடந்தது. 27-ஆம் தேதி காந்தியே அங்கே போனார். இந்துக்களும் சீக்கியர்களும் முஸ்லிம்களோடு அங்கே கூடியிருந்தார்கள். அதைத்தான் ஐயா, அவர்களால் பொறுக்க முடியவில்லை. மூன்றே நாளில் சுட்டார்கள்.