அளவறிந்து எண்ணெய் ஊற்றுங்கள்

பொங்கலுக்குத் தில்லியிலிருந்தும் நாகபுரியிலிருந்தும் சொந்தக் காரிலேயே ஊர் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. நெடும்பயணமாயிற்றே என்று, புறப்படுமுன் எஞ்சினில் எண்ணெயைச் சற்றுக் கூடுதலாக ஊற்றிவிடுவோரும் உளர். குறைந்தால்தானே கேடு, மிகுந்தால் என்ன என்பது அவர்கள் கருத்து. அது சரியன்று.

எஞ்சினின் அடித்தொட்டியில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. அதற்கு மேலே கிராங்க் தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. எண்ணெய் மட்டம் மிக உயர்ந்தால், அத்தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். காற்றுக் கலந்த நுரை, உராயும் உலோகங்களைக் காக்க வல்லதன்று. தொட்டி நிறைந்திருந்தும் எஞ்சின் தேயும். சீல்கள் வழியே எண்ணெய் கசிவதும், நீலப்புகை எழுவதும் உண்டு.

ஆகவே, சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து 10 நிமிடம் பொறுங்கள். அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கிடையே இருத்தல் வேண்டும். பல கார்களில் அவ்விடைவெளி சுமார் 1 லிட்டரே. ஆதலால் சிறிது சிறிதாகவே ஊற்றுங்கள். மேற்குறியை மிகவும் தாண்டியிருந்தால், வண்டியை ஓட்டாமல், மெக்கானிக்கை அழைத்து மிகுதியை வடித்துவிடுங்கள். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டலாகாது. ஊற்றாமலே மட்டம் உயர்ந்தால், எரிபொருளோ ரேடியேட்டர் நீரோ கலந்திருக்கக்கூடும். உடனே பழுது பாருங்கள்.

அளவறிந்து ஊற்றி, நலமாக ஊர் போய்ச் சேருங்கள்.