வழிப்போக்கனின் புதிய சுமை

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிரயாணத்தின்போது மடிக்கணினியைக் கம்பியில்லா இணையத்தோடு இணைத்துக்கொள்வது எப்படி என்பது பற்றிச் சில நிமிடம் பேசும்படி காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். பொருள் இன்னதென்று அறிவித்தபோது சபையிலுள்ள பெரியோர் சிலர் முறுவலித்ததை நாம் கவனித்தோம். பண்பாடு பேசவேண்டிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அந்த ஐயத்துக்கு விடை நமது தெருவோரங்களிலேயே கிடக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே சுமைதாங்கியைக் காணாதவர் இச்சபையில் இருக்கமாட்டார். தலைச்சுமையோடு வருகின்றவன் பிறர் துணையில்லாமல் அதனை இறக்கிவைத்து இளைப்பாறி, மீண்டும் தானாகவே ஏற்றிக்கொண்டு போகத்தக்க உயரத்தில் அது கட்டப்பட்டிருக்கும். தாகத்துக்குக் கேணி, மாடுகள் உடம்பை உரோஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல், இராத் தங்க மடம். பருத்தித்துறையிலே தெருவையே கூரையால் மூடிய தெருமூடி மடத்தை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். வழிப்போக்கனுடைய சுமை எது என்று அறிந்து, அதற்கேற்றதைச் செய்துவைத்தார்கள் நம் முன்னோர். இன்றைய மாணவ வழிப்போக்கனுடைய சுமை மடிக்கணினி. அதை இறக்கிவைக்க இடம் எங்கும் உண்டு. இறக்கிவைத்த பின் அதை இயங்கச் செய்யும் வழிதான் பலருக்குத் தெரிவதில்லை. எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால் நேர்ந்த நட்டம் ஒன்றை முதலிற் சொல்லுகிறோம்.

சர்வகலாசாலையில் எங்கள் முதலாம் வருடம் அது. விடுமுறைக்காக நண்பர் மூவர் கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஏ-9 வீதியில் ஏறக்குறைய 320 கிலோமீற்றர்ப் பிரயாணம். எம்முடன் வந்த நண்பர் ஒருவர் உதவிப்பணத்துக்கு விண்ணப்பம் ஒன்று அனுப்பவேண்டியிருந்தது. முடிவு நேரம் அன்று நள்ளிரவு. "கடைசி நாள் மட்டும் ஏன் வைத்திருந்தீர்கள்?" என்று பெரியோர் கேட்பீர்கள். கிராம சேவையாளரின் சான்றிதழ் அன்றைக்குத்தான் கிடைத்தது. அதன் படத்தை வீட்டார் அனுப்பியபோது பஸ் தம்புள்ளையைத் தாண்டிவிட்டது. சான்றிதழ் போனில் இருந்தது. நிரப்பிய விண்ணப்பமும் ஏனைய பத்திரங்களும் மடிக்கணினியில் இருந்தன. இரண்டையும் சேர்த்து அனுப்ப இணையம் வேண்டும்.

வவுனியாவுக்கு அண்மையில் தேநீருக்காக ஒரு கடையோரத்தில் பஸ் நின்றது. நேரம் இரவு பதினொன்று கடந்திருந்தது. போனிலே ஹொட்ஸ்பொட்டைத் திறந்தோம். மடிக்கணினியின் பட்டியலில் அதன் பெயர் தோன்றவேயில்லை. கடைக்காரர் தமது வைஃபையின் கடவுச்சொல்லை மனமுவந்து தந்தார். மடிக்கணினி அதனோடு இணைந்தது; ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. திறக்க முயன்றபோதெல்லாம் "இந்த இணைப்புப் பாதுகாப்பானதன்று" என்ற எச்சரிக்கையே வந்தது. பயந்து மூடினோம்; மீண்டும் திறந்தோம்; மீண்டும் மூடினோம். "தம்பிமார், ஏறுங்கோ, பஸ் வெளிக்கிடப் போகுது" என்று நடத்துநர் கூப்பிட்டார். ஏறினோம். மாங்குளத்துக்கு வருமுன்னரே பன்னிரண்டு மணி கடந்துவிட்டது.

அந்த உதவிப்பணம் முதலாம் வருட மாணவருக்கு மட்டுமே உரியது. மறுமுறை விண்ணப்பிக்க வழியில்லை. நண்பர் இன்றும் வார இறுதியில் ரியூசன் வகுப்பெடுத்தே விடுதிச் செலவைச் சமாளிக்கிறார். இதில் கடைக்காரர்மேல் குற்றமில்லை, பஸ்காரர்மேலும் குற்றமில்லை. பின்னர் நாங்கள் விசாரித்தும் வாசித்தும் அறிந்துகொண்டவை மூன்று காரியங்கள். அவற்றை அன்று அறிந்திருந்தால் பத்து நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

அவற்றைச் சொல்லுமுன், இந்தக் கம்பியில்லா வழி எப்படி உண்டாயிற்று என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். கணினிகளை வானொலி அலையால் இணைக்கும் முயற்சியில் முன்னோடியாய் நின்றது ஹவாய்ச் சர்வகலாசாலை. கடலாற் பிரிந்த தீவுகளிலுள்ளோர் தலைநகரிலிருந்த கணினியைப் பயன்படுத்துவதற்காக, நோர்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1971 ஆம் ஆண்டில் 'அலோஹாநெற்' என்ற வலையை இயக்கினர். 1985 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் தொடர்பாடல் ஆணைக்குழு, சில அலைவரிசைகளை எவரும் தனி அனுமதிப்பத்திரம் இன்றி இத்தகைய தொடர்புக்கு உபயோகிக்கலாம் என்று திறந்துவிட்டது. 1997 ஆம் ஆண்டில் பொது நியமம் வகுக்கப்பட்டது. அன்று அதன் உச்ச வேகம் விநாடிக்கு 2 மெகாபிற் மாத்திரமே. 'வைஃபை' என்ற பெயர் 1999 ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்தது. 1985 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது ஆகாயத்தில் ஒரு பொதுத்தெரு என்று சொல்லலாம். பொதுத்தெருவென்றால் யாரும் நடக்கலாம், நெரிசலும் இருக்கும், கள்வனும் வருவான். இம்மூன்றையும் மனத்திற் கொண்டால் இனிச் சொல்லப்போவது இலகுவாக விளங்கும்.

முதலாவது காரியம்: பிறர் வீட்டு வாசலைத் தட்டுமுன் நமது கையிலுள்ள போனை நன்றாக அறிந்துகொள்ளல் வேண்டும். எங்கள் ஹொட்ஸ்பொட் ஏன் தோன்றவில்லை? வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குவது. பின்னையது வேகமானது, முன்னையது சுவரைக் கடந்து தூரம் செல்லவல்லது. நண்பருடைய பழைய மடிக்கணினிக்கு 2.4 மாத்திரமே தெரியும். போனோ 5 இல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அறியாத மொழியில் எவ்வளவு உரக்கக் கூப்பிட்டால்தான் என்ன? போனின் ஹொட்ஸ்பொட் அமைப்பில் 2.4 என்பதைத் தெரிந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

அதைவிட இலகுவான வழியும் ஒன்று இருந்தது. போனை மின்னேற்றும் யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு தொடுத்து, போனின் அமைப்பிலே 'யூஎஸ்பி ரெதரிங்' என்பதைத் திறந்தால், அலைவரிசையும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். போனின் இணையம் கம்பி வழியாகவே மடிக்கணினிக்கு வந்துவிடும். போனுக்கு மின்னேற்றமும் நடக்கும். அந்தக் கம்பி அன்று எங்கள் பையிலேயே கிடந்தது! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்கள் நாங்கள். இன்னுமொன்று: போனின் இணையத்தை மடிக்கணினிக்குக் கொடுத்தவுடன், விண்டோஸ் அமைப்பிலே அவ்விணைப்பை 'அளவிடப்பட்டது' என்று குறித்துவிடுங்கள். இல்லையேல் உங்கள் அவசரம் அறியாத இயந்திரம் பெரிய புதுப்பிப்பு ஒன்றை இறக்கத் தொடங்கி, ரிலோட் செய்த டேற்றா முழுவதையும் விழுங்கிவிடக்கூடும்.

இரண்டாவது காரியம்: வைஃபையோடு இணைவது வேறு, இணையத்துக்குள் நுழைவது வேறு. பல கடைகளிலும் விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் வாயிற்காவலன் போல ஒரு பக்கம் உண்டு. அதிலே சம்மதம் என்று அழுத்தினாலன்றி, அல்லது அறை இலக்கமோ போன் இலக்கமோ கொடுத்தாலன்றி, உள்ளே விடமாட்டார்கள். நாம் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் காவலன் இடைமறித்துத் தன் பக்கத்தைக் காட்ட முயல்வான். ஆனால் இக்காலத்துப் பக்கங்கள் பெரும்பாலும் 'எச்ரிரிபிஎஸ்' என்னும் பூட்டோடு வருவன. பூட்டிய கடிதத்தின் இடையே வேறு தாளைச் செருக முயன்றால் உலாவி அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. நாங்கள் கண்டது அந்த எச்சரிக்கையைத்தான். பயந்தது சரியே, எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு மேலே செல்வது பிழையாகும். செய்யவேண்டியது வேறொன்று: பூட்டில்லாத 'எச்ரிரிபி' பக்கம் ஏதேனும் ஒன்றின் விலாசத்தை உலாவியில் எழுதுங்கள். காவலனின் பக்கம் தானே வந்து நிற்கும். இதற்கென்றே 'நெவர்எஸ்எஸ்எல்' என்ற தளம் ஒன்று உண்டு. வீபீஎன் இயங்குமாயின், காவலனைக் கடக்கும்வரை அதை நிறுத்திவைக்கவேண்டும்.

அப்படியும் திறக்காவிடில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று மடிக்கணினியின் மணிக்கூடு. பழைய இயந்திரங்களில் திகதி பின்சென்றுவிட்டால், பூட்டுகளின் சான்றிதழ்கள் செல்லாதவையாய்த் தோன்றி எல்லாப் பக்கமும் மறுக்கப்படும். மற்றையது வலையமைப்பு விபரத்திலுள்ள இலக்க விலாசம். அது 169.254 என்று தொடங்கினால், அங்குள்ள ரவுட்டர் உங்களுக்கு விலாசம் வழங்கவில்லை என்பது பொருள். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். ரவுட்டருக்கு அருகிலும் சென்று பாருங்கள். கடையின் சமையலறைப் பக்கம் உட்காராதிருப்பதும் நன்று. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அதே 2.4 தெருவில்தான்.

மூன்றாவது காரியம் எச்சரிக்கை. ஒரு வைஃபைக்கு எந்தப் பெயரையும் எவரும் இடலாம். கடையின் பெயரைத் தாங்கி நிற்பதெல்லாம் கடையினது அன்று. ஆதலால் பெயரைக் கடைக்காரரிடமே கேட்டு அறியுங்கள். 2010 ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு மென்பொருள் வெளிவந்தது. கடவுச்சொல்லற்ற வைஃபையில் அயலிலிருப்பவரின் கணக்குக்குள் ஓர் அழுத்தலில் புகமுடியும் என்பதை அது உலகுக்குக் காட்டிற்று. அதன் பின் பெரிய தளங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டுக்கு மாறின. எனவே இன்று ஆபத்துக் குறைந்திருக்கிறது, இல்லாமற் போகவில்லை. வங்கிப் பக்கத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் அவ்விடத்திலேயே திரும்பிவிடுங்கள். 'பொது வலை' என்று இயந்திரத்துக்குச் சொல்லுங்கள். புறப்படும்போது அந்த வலையை மறக்கும்படியும் செய்யுங்கள். இல்லாவிடில் அதே பெயரோடு வருகின்ற வேறொருவனை உங்கள் இயந்திரம் பழைய நண்பன் என்று நம்பி இணைந்துவிடும்.

சகோதரர்களே, விருந்தினன் தன் இரகசியத்தைக் கொடாமலும், விருந்தளிப்பவன் அதைக் கேளாமலும், இருவரும் ஒருவரையொருவர் நம்ப ஒரு வழி உண்டா? உண்டு. 'எடுரோம்' என்னும் ஏற்பாடு 2002 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் முளைத்த எண்ணம். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் அது நடைபெறுகிறது. இலங்கையில் 'லேர்ன்' என்னும் உயர்கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக நடைபெறுகிறது. இதிற் சேர்ந்த ஒரு சர்வகலாசாலையின் மாணவன், இதிற் சேர்ந்த வேறொரு சர்வகலாசாலைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தால், அங்குள்ள வலை அவனுடைய கடவுச்சொல்லைத் தான் வாசிப்பதில்லை. அதைப் பூட்டியபடியே அவனுடைய சொந்தச் சர்வகலாசாலைக்கு அனுப்பி, "இவர் உம்மவரா?" என்று கேட்கிறது. "ஆம், எம்மவர்" என்று விடை வந்தால் கதவு திறக்கிறது. ஆனால் இதற்குரிய அமைப்பைச் சொந்தச் சர்வகலாசாலையிலேயே செய்து சரிபார்த்துக்கொண்டு புறப்படவேண்டும். பஸ்ஸில் ஏறியபின் செய்ய முடியாது. எடுரோமுக்கு மட்டுமன்று, நாம் சொன்ன எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வீட்டிலே ஒருமுறை கம்பியைத் தொடுத்துப் பாருங்கள்.

முடிவாக ஒரு விண்ணப்பம். இவ்வூர்ச் சந்தியிலே இறங்கி அடுத்த பஸ்ஸுக்காகக் காத்துநிற்கும் மாணவர் தொகை சிறிதன்று. நமது வாசிகசாலை அச்சந்திக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே இணையம் ஏற்கனவே உண்டு. ஆனால் அதன் கடவுச்சொல் காரியதரிசி அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்குமே தெரியும். அதைப் பகிரங்கப்படுத்தும்படி நாம் கேட்கவில்லை. சங்கக் கணக்குகள் உள்ள கணினி அதே வலையில் இருக்கிறது. அநேக ரவுட்டர்களில் 'விருந்தினர் வலை' என்று வேறாக ஒன்றைத் திறக்க வசதி உண்டு. அதிலே வருகின்றவர் இணையத்தைக் காண்பர். நமது கணினியைக் காணார். அதற்கு ஒரு கடவுச்சொல் இட்டுப் பலகையில் எழுதிவைப்போம். கீழே மூன்று வரியில், ஹொட்ஸ்பொட் 2.4, கம்பி, பூட்டில்லாப் பக்கம் என்ற குறிப்புகளையும் எழுதுவோம். ஒரு மேசை, ஒரு மின்செருகி, ஒரு கம்பி வைப்போம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேண்டியவர்க்கு இவற்றைக் கற்றுக்கொடுக்கும் வேலையை மாணவராகிய நாங்கள் ஏற்றுக்கொள்ளுகிறோம்.

சுமைதாங்கி கட்டியவர் அதில் யார் சுமை இறக்கினார் என்று கணக்கு வைக்கவில்லை. நாமும் வைக்கவேண்டியதில்லை. இப்பிரேரணையை நிர்வாக சபை அடுத்த கூட்டத்திலேயே எடுத்து ஆராயவேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்ளுகிறோம்.