நிறம் ஆறு, நெஞ்சம் ஒன்று
(பருவ விழாவில் நிகழ்ந்த அறவுரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி போற்றி. 

பொருநையாற்றின் தென்புறத்தே, சாத்தான்குளத்தை அடுத்துச் செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. அவ்வட்டார மக்கள் அவற்றைத் தேரி என்பர். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை நெல்லைச் சீமையின் பகுதியாக விளங்கிய நிலம் அது. கண்ணுக்கெட்டும் தொலைவு வரை குருதிச் சிவப்பு. இடையிடையே பனைகளின் கருமை. அந்த மணலை ஆராய்ந்தோர் வியப்பான செய்தியொன்றைக் கூறுகின்றனர். தேரி மணலின் பெரும்பாலான துகள் இயல்பில் நிறமற்ற படிகக்கல். இரும்புத் துருவின் மெல்லிய பூச்சு அதன்மேல் படிந்திருப்பதால் சிவப்பாகத் தோன்றுகிறது. பூச்சு நீங்கினால் உள்ளிருக்கும் தெளிவு வெளிப்படும்.

சமண நூல்கள் உயிரைப் பற்றிச் சொல்வதும் இதுவே. உயிர் இயல்பில் தூயது. வினையின் சார்பால் நிறம் ஏறுகிறது. அந்நிறத்துக்கு இலேசியை என்று பெயர். பூசுதல், மெழுகுதல் என்னும் பொருளுடைய வேரோடு பெரியோர் அச்சொல்லைத் தொடர்புபடுத்தினர். பத்தாம் நூற்றாண்டில் சாமுண்டராயருக்காக நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரம், ஆறு நிறங்களையும் ஆறு பொருள்களால் விளக்குகிறது. வண்டின் கருமை, நீலமணியின் நீலம், புறாவின் சாம்பல், பொன்னின் மஞ்சள், தாமரையின் நிறம், சங்கின் வெண்மை என்பன அவை. முதல் மூன்றும் தீயவை. பின் மூன்றும் நல்லவை. ஒவ்வொன்றிலும் கடை, இடை, தலை என மூன்று தரம் உண்டு. ஆகவே ஆறு என்பது பதினெட்டாக விரிகிறது. ஒரே நிறத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படும் இருவர்கூட ஒரே தரத்தினராக இருக்க வேண்டுவதில்லை.

இங்கு நம் குடும்பங்கள் முதலில் தெளிய வேண்டிய ஒன்று உண்டு. இலேசியை இரு வகைப்படும். உடலின் நிறம் திரவிய இலேசியை. உள்ளத்தின் நிறம் பாவ இலேசியை. உடலின் நிறத்தைத் தருவது நாமவினை. உள்ளத்தின் நிறத்தைத் தருவது மோகனீய வினை. இரண்டின் காரணமும் வேறு. எனவே ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அறிய இயலாது. கரிய மேனியில் சங்கு வெண்மையான உள்ளம் வாழலாம். சிவந்த மேனியில் வண்டுக் கருமை குடியிருக்கலாம். பெண் பார்க்கச் செல்லும்போது மேனி நிறத்தை முதல் வினாவாகக் கேட்பவர், தம் ஆகமம் வகுத்த இந்தப் பகுப்பை மறந்தவரே ஆவர். கருமை நிறம் என்னும் ஒரு சொல்லால் ஓர் இளம்பெண்ணின் மனம் நொந்தால், அச்சொல்லைச் சொன்ன கணத்தில் கருமை ஏறியது யாருடைய இலேசியையில் என்பதைச் சொன்னவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

உள்ளத்தின் நிறத்தை அறிவது எங்ஙனம்? காட்டில் வழி தவறிய ஆறு பேர் கதையை நம் வீடுகளில் குழந்தைகளும் அறிவர். பசித்து வந்த அறுவரும் பழம் நிறைந்த மரமொன்றைக் கண்டனர். ஒருவன் வேரோடு வெட்டலாம் என்று எண்ணினான்; அடுத்தவன் அடிமரத்தை, மூன்றாமவன் பெருங்கிளையை, நான்காமவன் சிறுகிளையை, ஐந்தாமவன் பழங்களை மட்டும் பறிக்கலாம் என்று எண்ணினான். ஆறாமவன் தரையில் தானே உதிர்ந்து கிடப்பவை போதும் என்றான். தேரிக்காட்டில் விடியலில் பனையடியில் உதிர்ந்து கிடக்கும் பனம்பழத்தைப் பொறுக்கி வரும் சிறுவர்களைக் கண்டவர்க்கு அந்த ஆறாமவன் யார் என்பது எளிதில் விளங்கும்.

இக்கதையில் நுட்பம் ஒன்று அடங்கியுள்ளது. அறுவருக்கும் பசி ஒன்றே; மரமும் ஒன்றே. எண்ணிய அளவிலேயே அவர்களுடைய நிறம் வேறுபட்டுவிட்டது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றின் அசைவு யோகம் எனப்படும். அவ்வசைவில் சினம், செருக்கு, மாயம், பற்று என்னும் நான்கு கஷாயங்களின் சாயம் ஏறும்போது இலேசியை உண்டாகிறது. தண்ணீர் ஒன்றுதான், கலக்கும் சாயம் வேறு.

அச்சாயத்தின் அழுத்தத்தை நான்கு கோடுகளால் முன்னோர் அளந்தனர். நீரில் கிழித்த கோடு போன்ற சினம் சஞ்சுவலனம், கிழித்தவுடன் மறையும். மணலில் கிழித்த கோடு போன்றது பிரத்யாக்யானம்; தேரிக்காற்று அடித்தால் அழியும். வறண்ட நிலத்தின் வெடிப்புப் போன்றது அப்ரத்யாக்யானம். மழை வந்தால்தான் மூடும். கல்லில் விழுந்த பிளவு போன்றது அநந்தாநுபந்தி. பிறவிகள் கடந்தும் நிற்கும். இவற்றின் வாசனை நிலைக்கும் காலத்தை முறையே ஒரு முகூர்த்தத்துக்கு உட்பட்ட பொழுது, 15 நாள், ஆறு திங்கள், அதற்கு மேற்பட்ட எல்லையற்ற காலம் என்று கோம்மடசாரம் கணக்கிடுகிறது. உடன்பிறந்தாரிடம் ஆறு திங்களுக்கு மேல் பேசாதிருப்பவர் இக்கணக்கைத் தமக்குள் போட்டுப் பார்ப்பது நலம்.

இனி இப்பொழிவின் மையத்துக்கு வருவோம். ஒருவரிடம் வெளிப்படுவது மட்டுமே அவருடைய இயல்பு ஆகாது. அடங்கிக் கிடப்பதும் இயல்பின் ஒரு பகுதியே. பாவ இலேசியை என்பது மோகனீயத்தின் உதயம், உபசமம், க்ஷயம், க்ஷயோபசமம் ஆகியவற்றால் பிறக்கும் உயிரின் அசைவு என்று கோம்மடசாரம் கூறுகிறது. உதயம் என்பது வினை மேலெழுந்து பயன் தருதல். உபசமம் என்பது வினை உள்ளேயே இருக்க, அதன் ஆற்றல் அடங்கிக் கிடத்தல். க்ஷயம் என்பது முற்றாக அழிதல். ஒரு பகுதி தேய்ந்து, ஒரு பகுதி அடங்கி, ஒரு பகுதி மெல்ல எழுந்து நிற்கும் கலப்பு நிலை க்ஷயோபசமம்.

தத்துவார்த்த சூத்திரத்துக்கு சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர் இதற்கு நம் கிணற்றடியிலிருந்தே உவமை எடுத்தார். கலங்கிய குடத்து நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்தால் சேறு அடியில் படியும், மேல்நீர் தெளியும். அது உபசமம். தெளிந்த நீரைப் பதமாக இறுத்து வேறொரு தூய கலத்தில் ஊற்றிவிட்டால் சேறு அறவே நீங்கும். அது க்ஷயம். பாதி தெளிந்து பாதி கலங்கிய நீர் கலப்பு நிலை. இக்கலப்புக்கு வரகையும் உவமை சொல்வதுண்டு. கழுவிய வரகில் மயக்கும் தன்மை ஓரளவு நீங்கும், ஓரளவு எஞ்சும். மனிதருள் பெரும்பாலோர் இந்தக் கழுவிய வரகுதான்.

அடங்கியதை அழிந்ததாக எண்ணுவது எத்துணைப் பெரிய பிழை என்பதைக் குணஸ்தானப் படிகள் காட்டுகின்றன. பதினான்கு படிகளில் பதினொன்றாவது உபசாந்த மோகம். அங்கு ஏறிய முனிவரின் கஷாயம் அனைத்தும் அடங்கியிருக்கும், இலேசியையோ வெண்மை. ஆயினும் அவர் அங்கே ஒரு முகூர்த்தத்துக்குள்ளாகவே நிற்க முடியும். பின் கீழிறங்கியே தீர வேண்டும். அடியில் படிந்த சேறு மீண்டும் கலங்குகிறது. சினத்தை அழித்து ஏறுபவரோ பத்தாம் படியிலிருந்து நேரே பன்னிரண்டாம் படிக்குச் செல்கிறார், அவர் வீழ்வதில்லை. முனிவர்க்கே இந்நிலை எனில், இல்லறத்தார் பல்லைக் கடித்து அடக்கிய சினத்தைப் பொறுமை என்று பெயரிட்டுப் பெருமை கொள்வது தகுமா? அலுவலகத்தில் அடக்கியது மாலையில் மனைவி மேலும், மாமியார் முன் அடக்கியது பிள்ளையின் முதுகிலும் எழுவதை எத்தனை வீடுகள் கண்டுள்ளன!

அதனால் உபசமம் இழிவானது என்று கருதிவிடலாகாது. அநாதி காலமாக மயங்கிய உயிர் முதன்முதல் பெறும் நற்காட்சியே உபசமத்தால் கிடைப்பதுதான். சேறு படிந்த அச்சிறு பொழுதில்தான் குடத்தின் அடி தெரிகிறது. அப்பொழுதைப் பயன்படுத்தி நீரை இறுத்துக்கொள்பவர் அறிவாளர். தெளிந்துவிட்டது என்று குடத்தைக் குலுக்குபவர் ஏமாறுகிறார்.

மேலைநாட்டில் கார்ல் யுங் என்னும் உளவியலறிஞர் 1921-இல் வெளியிட்ட மனவகை நூலில், மேலோங்கிய மன ஆற்றலுக்கு எதிரானது உள்ளே அமுங்கிக் கிடந்து, எதிர்பாராத வேளையில் வெடித்தெழும் என்று விளக்கினார். இன்று நிறுவனப் பயிற்சிகளில் மனிதரைச் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று வகைப்படுத்துகின்றனர். அமுங்கியதை மறந்து மேலோங்கியதை மட்டும் முத்திரையாகக் குத்துவது அவ்வகைப்பாட்டின் ஆபத்து. அதனினும் பழைய ஆபத்தொன்று நம் நாட்டிலேயே இருந்தது. மணிமேகலையில் வரும் ஆசீவகவாதி, கரும்பிறப்பு முதல் வெண்பிறப்பு வரை ஆறு நிறப் பிறப்புகளைக் கூறுகிறான். ஆசீவகர் கொள்கையில் அனைத்தும் ஊழின் வரிசை. முயற்சிக்கு அங்கு இடமில்லை. நம் நீலகேசி ஆசீவகரோடு வாதிட்டதன் உயிர்நாடி இதுவே. நிறங்கள் ஆறு என்பதில் இரு சமயமும் ஒத்திருப்பது போலத் தோன்றும். நிறம் முயற்சியால் மாறும் என்பதில் சமணம் தனித்து நிற்கிறது.

சாத்தான்குளம் இருக்கும் அதே மாவட்டத்தில், வடபால், கழுகுமலை உள்ளது. பாண்டியர் காலத்தில் அங்கே பாறையில் செதுக்கப்பட்ட பார்சுவநாதரை நம்மவர் பலர் தரிசித்திருப்பர். அவருக்குப் பல பிறவிகளாகப் பகைவனாய்த் தொடர்ந்தவன் கமடன். கல்லில் விழுந்த பிளவுக்கு அவனினும் சிறந்த சான்று இல்லை. தவத்தில் நின்ற பெருமானைப் புயலாலும் மழையாலும் வருத்தினான். பெருமான் சினத்தை அடக்கிக்கொண்டு நிற்கவில்லை. அவரிடம் எழுவதற்குச் சினமே இருக்கவில்லை. முடிவில் அந்தக் கமடனும் பகை நீங்கி நற்காட்சி பெற்றான் என்பது புராணம் தரும் செய்தி. கல்லின் பிளவும் கூடியது, கருமையும் வெளுத்தது.

ஆதலால் பெற்றோரே, ஒரு பிள்ளையை இவன் முரடன் என்றோ, இவள் பொறாமைக்காரி என்றோ ஒரு நிறத்தில் அடைத்துவிடாதீர்கள். இன்று வெட்ட எண்ணியவன் நாளை பறிக்க எண்ணலாம். மறுநாள் உதிர்ந்ததைப் பொறுக்கலாம். அதுபோலவே, அமைதியாக இருக்கும் பிள்ளையின் குடத்தடியில் என்ன படிந்திருக்கிறது என்று ஒருநாள் அருகமர்ந்து கேளுங்கள். இப்பருவ நாள்களில் நாம் கேட்கும் மன்னிப்பும் அளிக்கும் மன்னிப்பும் சேற்றை அடியில் படிய வைப்பதோடு நின்றுவிடலாகாது. நீரை வேறு கலத்துக்கு மாற்றும் செயலாகட்டும். பேசாதிருக்கும் உறவினர் ஒருவர் வீட்டுக்கு, 15 நாள் கழியுமுன், நாமே முதலில் செல்வோம்.

தேரி மணலின் உள்ளே தெளிந்த படிகம் இருக்கிறது. அதுவே உயிர்.

வாழ்க அறம்! வளர்க அருள்!