பிள்ளைகள் கையில் ஒரு சங்கம்

பெங்களூரின் ஒக்கலிபுரம் போன்ற பகுதிகளில் இளைஞர் மன்றம் என்றால் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கும்? விழாவுக்கு வசூல், பந்தல் வேலை, நாற்காலி போடுவது. முடிவெடுப்பது மட்டும் பெரியவர்கள். இப்படி எத்தனை வருஷம் ஓடினாலும் நல்ல தொண்டர்கள் கிடைப்பார்கள். தலைமை ஏற்கத் தெரிந்தவர்கள் கிடைப்பது சந்தேகம்தான். பொறுப்போடு கொஞ்சம் அதிகாரமும் கைமாறினால்தான் அந்தத் திறமை வளரும் என்பது என் கட்சி. அதற்குச் சான்று கர்நாடகத்திலேயே இருக்கிறது.

1990-ல் உருவான பீம சங்கத்தின் உறுப்பினர்கள் வேலைக்குப் போகும் பிள்ளைகள். பெங்களூரின் ‘கன்சர்ன்ட் ஃபார் வொர்க்கிங் சில்ட்ரன்’ அமைப்பு துணை நின்றது. குந்தாபுரா தாலுகாவில் பிள்ளைகளே தேர்தல் வைத்து ‘மக்கள பஞ்சாயத்து’, அதாவது குழந்தைகள் பஞ்சாயத்து அமைத்தார்கள். பத்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அங்கே 56 பஞ்சாயத்துகளின் பிள்ளைகள் விவரம் திரட்டித் தங்கள் ஊருக்குத் திட்டம் எழுதினார்கள். ஓடைகள் நிறைந்த பகுதி அது. மழைக்காலத்தில் பல இடங்களில் வழுக்கும் ஒற்றை மரத்தின் மேல் நடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. பாலம் வேண்டும் என்று கோஷம் போடுவது சுலபம். எந்த ஓடை, எத்தனை பேர் கடக்கிறார்கள், எப்போது தண்ணீர் ஏறும் என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரியால் மழுப்ப முடியாது. அந்தத் தாள் கையில் இருந்தால் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும் பேச்சு வரும். பேச்சுப் பயிற்சி முகாம்கள் இதைத் தருவதில்லை.

பின்னால் நின்று ஆட்டுவிப்பவர்கள் பெரியவர்கள்தானே என்று கேட்கலாம். ஆனால் 1996-ல் குந்தாபுராவில் நடந்த சர்வதேசக் கூட்டத்தில், உழைக்கும் பிள்ளைகளின் பிரதிநிதிகள் தாங்கள் செய்த பொருள்களைப் புறக்கணிப்பதை எதிர்த்தார்கள். அந்தப் புறக்கணிப்பு மேலைநாடுகளில் நல்லெண்ணத்தோடு பலர் ஆதரித்த யோசனை. துணை நின்றவர்களின் செல்வாக்கே இல்லை என்று நான் வாதிடமாட்டேன்; ஆனால் கூலி நின்றால் வீட்டில் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கம் வைத்தால் குழந்தை உழைப்பை ஏற்றுக்கொண்டதாகாதா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. குழந்தை உழைப்பைத் தடுக்கும் சட்டம் வேண்டியதுதான். ஆனால் சட்டம் வந்து சேரும்வரை வாய்மூடி இரு என்று வேலைக்குப் போகும் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

கர்நாடக அரசு பிறகு கிராமப் பஞ்சாயத்துகளில் குழந்தைகள் கிராமசபை நடத்த உத்தரவிட்டது. நகரத்து வார்டுகளுக்கு அது பொருந்தாது. எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று ஒக்கலிபுரத்துப் பிள்ளைகள் வார்டு கூட்டத்தில் எழுந்து சொல்ல இடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் மன்றத்துப் பெரியவர்கள்.