நம் அக்கன்



1010-இல் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்த இராசராசன், தன் கொடையை அடுத்துக் கல்லில் வெட்டச் சொன்னது "நம் அக்கன்" கொடுத்தவற்றை. அந்த அக்கன் குந்தவை. சுந்தர சோழன் மகள், வல்லவரையர் வந்தியத்தேவர் மனைவி. பெற்ற தாய்தந்தையருக்கு அங்கே செப்புப் படிமம் எடுத்தவர். தந்தை பெயரில் மருத்துவச் சாலை வைத்தவர்.

அரசகுலத்துப் பெண், பெயர் நின்றது என்பீர்கள். அதே கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளும் நிற்கிறார்களே! அரசன் ஆணையால் ஊர்விட்டு வந்தவர்கள். தென்சிறகில் முதல் வீடு இன்னாருக்கு, இரண்டாம் வீடு இன்னாருக்கு என்று வீட்டுக்கு வீடு பெயர். பங்குக்கு நூறு கலம் நெல்.

2024-இல் தாராவியில் வீடு கணக்கெடுக்க வந்தார்கள். நாம் நீட்டிய தாளில் எத்தனை நம் அக்காள், அம்மா பெயரில் இருந்தன? இன்றிரவே பெட்டியைத் திறந்து பாருங்கள்.