காட்டைக் காணச் சிங்கைக்குச் சென்ற ஒரு நாள்

(ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றின் மக்கள் மண்டபத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



கானுயிர்களைக் கண்டு வரச் சிங்கப்பூருக்கு ஒரு நாள் கல்விச் சுற்றுலா செல்லலாம் என்று சில திங்களுக்கு முன் இதே மண்டபத்தில் நாம் அறிவித்தோம். அப்பொழுது பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "விடியற்காலையில் நிரைக்குப் போனால் காட்டுப்பன்றி எதிரே வருகிறது. குரங்கு வீட்டுக் கூரையில் குதிக்கிறது. யானை மிதித்த இளமரங்களையும் பார்த்திருக்கிறோம். இவற்றைப் பார்க்கப் பணம் கட்டி அக்கரைக்குப் போக வேண்டுமா ஐயா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அது நியாயமான கேள்வி. அன்று அதற்குத் தக்க விடை நம்மிடம் இல்லை. சென்று திரும்பிய பின்னரே விடை கூறும் தகுதி நமக்கு வந்தது. இன்றைய உரை அந்தப் பெரியவருக்கு நாம் கூறும் மறுமொழி என்றே கொள்ளுங்கள்.

பிரட்டு நேரத்திற்கு முன்பே எழுந்து பழகியவர்கள் நீங்கள். ஆகவே குறித்த நேரத்தில் பேருந்து புறப்பட்டது. 1924-ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, கடப்பிதழ்ச் சோதனை முடிந்து, முற்பகலில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை அடைந்தோம். தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவரை முன்னரே ஏற்பாடு செய்திருந்தோம். அந்த இளம்பெண் எங்களை வரவேற்று, முதலில் அழைத்துச் சென்றது ஒரு ரப்பர் மரத்தடிக்கு. "இதைத்தான் தினமும் பார்க்கிறோமே!" என்று பலரும் நகைத்தனர். ஆனால் அவர் சொல்லிய வரலாற்றைக் கேட்டதும் சிரிப்பு அடங்கியது.

ரப்பர் மரம் நம் மண்ணில் தானே முளைத்ததன்று. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனிலுள்ள கியூ தோட்டத்திற்கு அனுப்பினார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் இப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆய்ந்து கண்டார். விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு, காண்போரிடமெல்லாம் நடச்சொல்லி வற்புறுத்தியதால் அவரைப் 'பித்தர் ரிட்லி' என்று ஏளனம் செய்தனராம். நம் பாட்டன்மார் கையில் பால்வெட்டுக் கத்தியைக் கொடுத்த கதை அந்தப் பூங்காவில்தான் தொடங்கியது. 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அப்பூங்காவை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது.

அதே பூங்காவில் 1875 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஒரு சிறு விலங்குக் காட்சியும் இருந்தது. ரப்பரும் விலங்குக் காட்சியும் ஒரே வேலிக்குள் வளர்ந்தன. ஆனால் வேலிக்கு வெளியே நிகழ்ந்தது வேறு. மிளகும் கம்பீரும் பயிரிடுவதற்காகவும், பின்னர் அன்னாசிக்கும் ரப்பருக்குமாகவும் தீவின் காடு அழிக்கப்பட்டது. காடு சுருங்கச் சுருங்கப் புலிகள் தோட்டங்களுக்குள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புலிவாய்ப்பட்டு மாண்டவர்களுள் பெரும்பாலோர் கம்பீர், மிளகுத் தோட்டங்களில் உழைத்த சீனத் தொழிலாளர். அவர்களும் நம்மைப் போல் விடியுமுன் வேலைக்குச் சென்றவர்களே. அரசு புலித்தலைக்குப் பரிசு அறிவித்தது. 1930-ஆம் ஆண்டளவில் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்ட புலியே அத்தீவின் கடைசிக் காட்டுப்புலி என்பர். அதன்பின் சிங்கப்பூர்க் காட்டில் புலி இல்லை.

நண்பகலில் தேக்காவிற்குச் சென்றோம். இன்று லிட்டில் இந்தியா என்று பெயர் பெற்றுள்ள சிராங்கூன் சாலைப் பகுதியே அது. பூக்கடைகளையும் வீரமாகாளியம்மன் ஆலயத்தையும் கண்டு, வாழையிலையில் உணவருந்தினோம். அங்கேயும் வழிகாட்டி எங்களை இரு தெருப்பலகைகளின் முன் நிறுத்தினார். ஒன்று பஃபலோ சாலை. மற்றொன்று கெர்பாவ் சாலை. 'கெர்பாவ்' என்றால் மலாய் மொழியில் எருமை என்பதை நீங்கள் அறிவீர்கள். அருகிலுள்ள கண்டாங் கெர்பாவ் என்ற பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நீரும் புல்லும் நிறைந்திருந்தன. ஆதலால் மாட்டு வணிகம் செழித்தது. மாடு வளர்க்கவும் வண்டியோட்டவும் பால் கறக்கவும் நம்மவர் பலர் அங்கே குடியேறினர். இன்று தொழுவமும் இல்லை, புல்வெளியும் இல்லை. தெருப்பெயர் மட்டும் நிற்கிறது. ஓர் ஊர் எதனால் வாழ்ந்தது என்பதனை அதன் மக்கள் மறந்தாலும் பெயர்ப்பலகை மறப்பதில்லை.

மாலையில் தீவின் வடபகுதியிலுள்ள மண்டாய்க்குப் புறப்பட்டோம். நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு அது. குடிநீருக்காகக் காக்கப்பட்டதால் அங்கே மரங்கள் எஞ்சின. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த ஓங் சுவீ லா அவர்களின் முயற்சியால், 1973-ஆம் ஆண்டு ஜூன் 27-இல் அங்கே சிங்கப்பூர் விலங்குத் தோட்டம் திறக்கப்பட்டது. அதனைத் திட்டமிட இலங்கையின் தெகிவளை விலங்குத் தோட்டத்தை நடத்திய லின் டி அல்விஸ் என்பவர் வரவழைக்கப்பட்டார். இரும்புக் கம்பிக் கூண்டுகளைத் தவிர்த்து, அகழியும் நீரும் செடிகளுமே தடையாக அமையும் திறந்தவெளி முறையை அங்கே கையாண்டனர். அதன் அருகிலேயே 1994 மே திங்களில் 'நைட் சஃபாரி' என்னும் இரவுநேர விலங்குத் தோட்டம் தோன்றியது. உலகில் இரவுக்கென்றே அமைந்த முதல் விலங்குத் தோட்டம் அது. ஏறத்தாழ 35 ஹெக்டர் பரப்பில், காட்டு விலங்குகளுள் பல இரவில்தான் நடமாடும் என்ற உண்மையை அடிப்படையாகக் கொண்டு அமைத்துள்ளனர்.

இருள் சூழ்ந்ததும் டிராம் வண்டியில் ஏறினோம். சுமார் 40 நிமிடப் பயணம். நிலவொளி போன்ற மங்கலான விளக்குகளே ஆங்காங்கு எரிந்தன. உரத்துப் பேசலாகாது, படம் பிடிக்கையில் பளிச்சென ஒளி பாய்ச்சலாகாது. பிள்ளைகள் முதலில் கிசுகிசுத்தனர். பின்னர் தாமே அமைதியாயினர்.

ஓரிடத்தில் வழிக்கு மிக அருகே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய உருவம் நின்றது. அது தாப்பிர், மலாய் மொழியில் தெனுக் என்பார்கள். வழிகாட்டி அதைப் பற்றித் தாழ்ந்த குரலில் விளக்கினார். அப்பொழுது எங்களுடன் வந்திருந்த, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டி ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர், "குட்டியில் இந்த நிறம் இருக்காது அம்மா. தர்ப்பூசணிக்காய் மாதிரி கோடும் புள்ளியுமாக இருக்கும்" என்றார்.

வழிகாட்டி வியந்து அவர் பக்கம் திரும்பினார். "உண்மைதான் பாட்டி. நான் அதைப் புத்தகத்தில் படித்தேன். நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் தோட்டத்து ஆற்றோரம். தாயும் குட்டியும் தண்ணீர் குடிக்க வந்தன. வாளியைக் கீழே வைத்துவிட்டு மூச்சுக்கூட விடாமல் நின்றேன்" என்றார் பாட்டி. அருகில் இருந்த அவருடைய பேரன், அதுவரை கண்டிராத ஒருவரைக் காண்பதுபோல் தன் பாட்டியை நோக்கினான்.

வண்டியை விட்டு இறங்கி, வெளியே அமர்ந்து தேநீர் அருந்தும்போது பாட்டி மீதியையும் சொன்னார். அவ்வாண்டு மழை விடாமல் பெய்தது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் சம்பளம் இல்லை. வீட்டிலோ ஐந்து பிள்ளைகள். காட்டுப்பன்றிக்கென்று காட்டோரத்தில் கம்பிக் கண்ணி வைத்தார்கள். பன்றி விழவில்லை, தாய்த் தாப்பிர் விழுந்தது. "கண்ணி வைத்தது என் வீட்டுக்காரர்தான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குட்டி என்ன ஆயிற்றோ என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்" என்று முடித்தார். எங்களுள் எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

தொழிலாளப் பெருமக்களே! அந்தக் குடும்பத்தின் வறுமையை நாம் குறைத்துப் பேச மாட்டோம். யானை இளமரத்தை முறித்தால் நட்டம் யாருக்கு என்பதும், இருட்டில் நிரைக்குச் செல்லும் பெண்ணின் அச்சம் எத்தகையது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் கம்பிக் கண்ணிக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்தது தாப்பிரைப் பிடிக்கும், மானைப் பிடிக்கும், புலியையும் பிடிக்கும். 2016 முதல் 2020 வரை நடைபெற்ற தேசியப் புலிக் கணக்கெடுப்பின் முடிவுப்படி, நம் தீபகற்பக் காடுகளில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டில் நிற்பவை இவ்வளவே. புலிகள் குறைந்தமைக்குக் காடழிவோடு கண்ணியும் ஒரு பெருங்காரணம். 2010-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாகும். விலங்குகளால் தொல்லை ஏற்படின், தோட்ட நிர்வாகத்தின் வாயிலாகவோ நேரடியாகவோ பெர்ஹிலித்தான் எனப்படும் வனவுயிர், தேசியப் பூங்காத் துறைக்குத் தெரிவியுங்கள். தெரிவித்த நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அழிந்ததை மீட்க என்ன விலை ஆகும் என்பதற்கும் சிங்கப்பூரே சான்று. 1986-இல் அமைந்த புக்கித் தீமா விரைவுச்சாலை அங்கிருந்த காட்டை இரண்டாகப் பிளந்தது. சாலையைக் கடக்க முயன்ற எறும்புண்ணிகள் வண்டிகளில் அடிபட்டு மாண்டன. பிளவுபட்ட காட்டை இணைக்கச் சாலைக்கு மேலே மண் நிரப்பி, மரம் நட்டு, விலங்குகளுக்கென்றே ஒரு பாலத்தை 2013-இல் கட்டி முடித்தார்கள். அதன் நீளம் 62 மீட்டர். செலவோ ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி. அறுபது மீட்டர்க் காட்டிற்கு இவ்வளவு செலவு! நம் தோட்டத்திற்கும் மலைக்காட்டிற்கும் இடையே ஆற்றோரமாக நிற்கும் மரங்களுக்கு எவரும் இதுவரை விலை குறித்ததில்லை. அதனாலேயே அவற்றிற்கு விலை இல்லை என்று நாம் எண்ணிவிடலாகாது.

இனி, சென்று வர விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் கூறுகிறோம். கடப்பிதழின் செல்லுபடிக் காலம் 6 மாதத்திற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் புறப்படுவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பலாம். பிள்ளைகளின் துணையோடு செய்துகொள்ளுங்கள். இரவுத் தோட்டத்தின் நுழைவு நேரத்தை முன்பதிவு செய்வது நன்று. தாவரவியல் பூங்காவிற்குப் பொது நுழைவுக் கட்டணம் இல்லை. இரயிலில் செல்வோர் கத்திப் நிலையத்தில் இறங்கி மண்டாய்ப் பேருந்தில் ஏறலாம். அந்நிலையம் அமைந்துள்ள யீஷூன் நகரின் பெயர், அன்னாசியாலும் ரப்பராலும் பெருஞ்செல்வம் ஈட்டிய லிம் நீ சூன் என்பவரின் பெயரே. அங்கும் ரப்பரின் சுவடு நம்மைத் தொடர்கிறது! செலவைத் தாங்க இயலாதோர் திங்கள்தோறும் சிறு தொகை சேமித்து, கூட்டுறவுச் சங்கம் அல்லது இளைஞர் மன்றத்தின் வழியாகக் குழுவாகச் செல்லலாம். தொலைவிலுள்ள தோட்டத்தார் கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் 1963 முதல் இயங்கும் தேசிய விலங்குத் தோட்டத்திற்குச் சென்று வரலாம். எங்கே சென்றாலும் ஒரு வழிகாட்டியுடன் செல்லுங்கள். கண்ணால் காண்பது பாதி. கேட்டு அறிவது மீதிப் பாதி.

பின்வரிசைப் பெரியவரே! உங்கள் கேள்விக்கு நம் விடை இதுதான். விலங்கைக் காண நீங்கள் சிங்கப்பூர் செல்ல வேண்டியதில்லை. காட்டை இழந்த ஓர் ஊர் அதனை எவ்வாறு தேடுகிறது என்பதனைக் காணச் செல்ல வேண்டும். மேலும், உங்கள் வாயில் உள்ள செய்திகளை உங்கள் பேரப்பிள்ளைகள் அறிவு என்று மதிக்கும் இடத்திற்கு ஒருமுறையேனும் அவர்களுடன் செல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் பேருந்து பாலத்தைக் கடக்கும்போது நள்ளிரவு நெருங்கியது. பெரும்பாலோர் உறங்கிவிட்டனர். அந்தப் பேரன் மட்டும் உறங்கவில்லை. "பாட்டி, அந்த ஆற்றோரம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டான். "இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன்" என்றார் பாட்டி.

அந்த ஆற்றோரம் அவன் பிள்ளைகள் காலத்திலும் இருத்தல் வேண்டும். அதற்கு அரசு செய்ய வேண்டியன உண்டு. நிர்வாகம் செய்ய வேண்டியன உண்டு. நாம் செய்யத் தக்கவையும் உண்டு. நாம் செய்யத் தக்கவற்றுள் முதலாவது, ஒரு கண்ணியும் வையாதிருத்தல்.