வாய்வாளாமை செய்த கேடு



சொல்லும் ஒரு கடனே. கொடுத்தவர் அடைத்தல் வேண்டும். இங்கிலாந்தின் எலோ கேம்சு என்னும் சிறு குழு, 2016-இல் 'நோ மேன்சு சுகை' எனும் கணிப்பொறி விளையாட்டை வெளியிட்டது. ஆடுவோர் ஒருவரையொருவர் காணல் அரிதெனினும் கூடும் என்று அதன் தலைவர் சீன் மர்ரே முன்னர்க் கூறியிருந்தார். வெளியான நாளிலேயே இருவர் ஒரே கோளில் ஒரே இடத்தில் நின்றனர், ஒருவரையொருவர் கண்டிலர்!

ஆடுவோர் சினந்து வினவினர். குழுவோ திங்கள் கணக்கில் வாய் திறந்திலது. குறையினும் அவ் வாய்வாளாமையே அவர்தம் நெஞ்சைச் சுட்டது. பின்னர்க் குழுவினர் அயராதுழைத்து, 2018-இல் அக் குறை தீர்த்தனர், தனிவிலையும் கேட்டிலர். கடன் அடைந்தது. ஆயின், 'பிழைபட உரைத்தோம். பொறுத்திருங்கள்' எனும் ஒருவரியை அன்றே உரைத்திருப்பின், வட்டி இத்துணை வளர்ந்திராது. குறையுடைய வினையைத் திருத்தலாம். உரிய பொழுதில் உரையாத சொல்லை எங்ஙனம் திருத்துவது?